முருகன் பெயர்களில் எந்தப் பெயர்? தென்னாப்பிரிக்கத் தமிழ்ப் பெற்றோருக்கு ஓர் ஒப்பீடு

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தமிழ் வகுப்பு முடிந்து பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். டர்பன் பக்கத்து ஃபீனிக்ஸிலிருந்து ஓர் இளம் தம்பதி வந்து நின்றார்கள். வீட்டில் ஆயா மடியில் ஒன்பது நாள் ஆண் குழந்தை. கையில் ஒரு தாள். தாளில் மூன்று பெயர்கள்: சுப்பிரமணியம், கார்த்திகேயன், வேலன்.

முதல் பெயர் கணவரின் தாத்தாவுடையது. இரண்டாவது மனைவியின் வேண்டுதல்; கார்த்திகை தீபத்தன்று விளக்கேற்றி, ஆண் பிள்ளை பிறந்தால் இந்தப் பெயர் என்று நினைத்துக்கொண்டாளாம். மூன்றாவதை யார் எழுதியது என்று இருவருக்கும் நினைவில்லை. "மூன்றும் முருகன்தானே ஆன்ட்டி, எதற்கு நல்ல அர்த்தம்?" என்று கேட்டார்கள்.

சாட்ஸ்வர்த், டொங்காட், லெனேசியா என்று எங்கிருந்து கேட்டாலும் பெற்றோர் இந்த ஒரு கேள்வியைத்தான் கேட்கிறார்கள். அர்த்தம் எல்லா முருகன் பெயருக்கும் நல்லதுதான். அதை மட்டும் வைத்துத் தேர்ந்தெடுக்கப் பார்த்தால் திணறத்தான் வேண்டும். அன்று அவர்களிடம் சொன்னதையும், சொல்ல விட்டுப்போனதையும் சேர்த்து எழுதுகிறேன்.

## எதை வைத்து எடை போடுவது?

கூப்பிடும்போது பெயர் நிற்குமா? எனக்கு இதுதான் முதல் கேள்வி. பிள்ளைக்குச் சாமி பெயர் வைப்பதன் காரணமே இதில்தான் இருக்கிறது. பெரியாழ்வார் ஒரு பதிகம் முழுக்க இதைப் பாடியிருக்கிறார். காசுக்கும் துணிக்கும் ஆசைப்பட்டு யார் யாரோ பெயரை வைக்காதீர்கள், நாரணன் பெயரை வையுங்கள், அப்படி வைத்தவனின் தாய் நரகம் புகமாட்டாள் என்கிறார். அஜாமிளன் கதையும் அதே. உயிர் போகிற நேரத்தில் பயந்துபோய்க் கடைக்குட்டி மகன் நாராயணனைக் கூப்பிட்டான். விஷ்ணு தூதர்கள் வந்து நின்றார்கள். அங்கே சொன்னது திருமாலை. நியாயம் முருகனுக்கும் பொருந்தும். சாப்பிட வா, செருப்பைக் கழற்று, விளக்கை அணை என்று நாள் முழுக்கக் கூப்பிடுகிற அம்மா, தான் அறியாமலே நாம ஜபம் செய்கிறாள்.

ஆனால் அந்தப் பெயர் வாயில் முழுசாக வந்தால்தானே ஜபம்? என் பெரியப்பா பிறந்தபோது முருகன். கரும்பு ஆலையில் வேலைக்குச் சேர்ந்த பிறகு மோர்கன். கடைசியில் பெரியம்மாவே மோர்கன் என்றுதான் கூப்பிட்டார். முருகு என்றால் அழகு, இளமை, மணம், தெய்வத்தன்மை. இத்தனையும் ஓர் ஆங்கிலப் பெயருக்குள் அடங்கிப்போனது. முருகன் என்றே வைக்க நினைக்கும் பெற்றோரிடம் நான் இதைச் சொல்லாமல் விடுவதில்லை.

பொருளை ஒரு மூச்சில் சொல்ல முடியுமா? நாம் வாழ்வது பெயருக்குப் பொருள் கேட்கிற மக்கள் நடுவே. ஜூலு வீடுகளில் பொருளில்லாத பெயர் கிடையாது. சிபோ என்றால் பரிசு. ந்கோசிநாதி என்றால் கடவுள் நம்மோடு இருக்கிறார். அதனால் பள்ளிக்கூடத்தில் நம் பிள்ளையிடமும் கேட்பார்கள். அப்போது தோளைக் குலுக்கிவிட்டு நிற்கிற பிள்ளையைப் பார்த்தால் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும்.

எழுத்தில் தப்புமா? என் மகனுக்குச் சரவணன் என்று வைத்தோம். பதிவு செய்த அலுவலகத்தில் நடுவில் ஓர் 'ஏ' விழுந்துபோய்ச் 'சர்வணன்' ஆனான். படிக்கத் தெரிந்த நானும் அன்று சரிபார்க்கவில்லை. மெட்ரிக் சான்றிதழில் ஒரு விதம், அடையாள அட்டையில் ஒரு விதம். பாஸ்போர்ட் எடுக்கும்போது போலீஸ் நிலையத்துக்குப் போய்ப் பிரமாணப் பத்திரம் எழுதி முத்திரை வாங்கி, இரண்டும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க வேண்டி வந்தது. நீளமான பெயரின் மறைமுகச் செலவு இது. குழந்தை பிறந்த வாரத்தில் தெரியாது, பதினெட்டு வருடம் கழித்துத்தான் தெரியும்.

குடும்பப் பெயரோடு எப்படி நிற்கும்? 1860 நவம்பர் 16ஆம் தேதி சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பனுக்கு வந்தது. அதிலிருந்து 1911 வரை ஒப்பந்தத் தொழிலாளர்களாக வந்த நம் முன்னோர்களிடம் இன்றைய அர்த்தத்தில் குடும்பப் பெயர் இல்லை. சிலருக்குச் சாதிப் பட்டமே குடும்பப் பெயராகி நாயுடு, பிள்ளை, கோவெண்டர், மூட்லி என்று நின்றது. மற்றவர்களுக்குத் தாத்தாவின் சொந்தப் பெயரே பேரன்களின் குடும்பப் பெயரானது: பெருமாள், முனுசாமி, கந்தசாமி, ஆறுமுகம், சண்முகம். இதனால் இங்கே ஒரு விசித்திரம். இந்தியாவில் குழந்தைப் பெயராக ஒலிப்பது இங்கே குடும்பப் பெயராகக் காதில் விழும்.

நட்சத்திர எழுத்தையும் அளவுகோலாக வைக்கிறவர்கள் நிறைய. அதைக் கடைசியில் தனியாகப் பேசுகிறேன்.

## சுப்பிரமணியம்

'சு' என்றால் நல்ல. பிரம்மண்யம் என்பது பிரம்மத்தோடும் வேதத்தோடும் சேர்ந்தது. பிரம்மத்தை நன்றாக உணர்ந்தவன், வேதத்தைக் காப்பவன் என்று பெரியவர்கள் பொருள் சொல்வார்கள். சுவாமிமலைக் கதை இந்தப் பெயருக்கு அழகாகப் பொருந்தும். பிரணவத்துக்குப் பொருள் தெரியாத பிரம்மாவைச் சிறையில் வைத்துவிட்டு, பிறகு தகப்பன் சிவனுக்கே குருவாக இருந்து அந்தப் பொருளைச் சொன்ன பிள்ளை. அறிவில் பெரியவனாகப் பிள்ளை வளர வேண்டும் என்று நினைக்கிற வீட்டுக்கு ஏற்ற பெயர். டர்பன் கிளேர்வுட் கோயிலிலும் சாமிக்குச் சிவ சுப்பிரமணியர் என்றுதான் பெயர். காவடி எடுத்த குடும்பங்களுக்கு இந்தப் பெயரோடு ஓர் ஒட்டுதல் உண்டு.

சங்கடம் கூப்பிடும்போதுதான். ஐந்து அசையை யாரும் முழுசாகச் சொல்வதில்லை. டர்பனில் அது சூப்ரி ஆகும், சூப்ஸ் ஆகும். பழைய பதிவுகளில் இதற்கு எத்தனை எழுத்துக்கூட்டல்! ஒற்றை 'யு' போட்டவர், இரட்டை 'ஓ' போட்டவர், கடைசியில் 'மணி' என்பதைப் பணத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லைப் போலவே எழுதியவர். தாத்தாவின் எழுத்துக்கூட்டலை அப்படியே வைப்பதா, திருத்துவதா என்று வீட்டில் இன்னொரு சண்டை வரும். என் கருத்து: தாத்தாவை நினைத்து வைக்கிறீர்கள் என்றால் அவருடைய எழுத்தையே வையுங்கள். அது தப்பாக எழுதப்பட்டிருந்தாலும் அவர் வாழ்நாள் முழுவதும் கையெழுத்துப் போட்ட எழுத்து அது.

தாத்தாவோ கொள்ளுத்தாத்தாவோ இந்தப் பெயரில் இருந்திருந்தால் இதை விடாதீர்கள். முதல் பெயராக இல்லாவிட்டாலும் இரண்டாவது பெயராகவாவது வரட்டும். அப்படி யாரும் இல்லையென்றால் இதைப் புதிதாகத் தேர்ந்தெடுக்க எனக்குக் காரணம் தெரியவில்லை.

## கார்த்திகேயன்

சிவனின் நெற்றிக் கண்ணிலிருந்து கிளம்பிய ஆறு பொறிகள் ஆறு குழந்தைகளாகின்றன. அவர்களைப் பாலூட்டி வளர்த்தவர்கள் கார்த்திகைப் பெண்கள் ஆறு பேர். வளர்த்தவர்களின் பெயரால் பிள்ளைக்குக் கார்த்திகேயன் என்று பெயர். இந்தப் பெயரில் எனக்குப் பிடித்ததே அதுதான். இதில் அப்பா பெயர் இல்லை, ஆயுதம் இல்லை. பெற்றவள் அல்லாத ஆறு பெண்கள் எடுத்து வளர்த்த நன்றி ஒரு பெயராக நிற்கிறது. சித்தி, பெரியம்மா, பக்கத்து வீட்டு ஆயா என்று பல கைகளில் வளர்கிற பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது.

அந்த ஆறு பெண்களும் வானத்தில் கார்த்திகை நட்சத்திரக் கூட்டமாக இருக்கிறார்கள் என்பது கதை. டர்பனில் டிசம்பர் மாத இரவில் வடக்குப் பக்கமாகப் பார்த்தால், வானம் தெளிவாக இருந்தால், சின்னக் கொத்தாகத் தெரியும். அதே கொத்துக்கு ஜூலுவில் இசிலிமேலா என்று பெயர். உழுவதைக் குறிக்கும் 'லிமா' என்ற சொல்லிலிருந்து வந்தது. குளிர்காலத்தில் விடிவதற்கு முன் அது மறுபடி கிழக்கே தெரியும்போது, நிலத்தைக் கொத்தத் தொடங்கும் காலம் வந்துவிட்டது என்று இந்த மண்ணின் மக்கள் அறிந்துகொண்டார்கள். கார்த்திகேயன் என்ற பையனிடம் ஜூலு நண்பன் பொருள் கேட்டால், "இசிலிமேலா வளர்த்த பிள்ளை" என்று சொல்லலாம். வேறு விளக்கமே வேண்டாம். முருகனின் பெயர்களில் இந்த நாட்டு வானத்தோடு நேராகச் சேர்கிற பெயர் இது ஒன்றுதான்.

கூப்பிடும்போது கார்த்தி ஆகும், கார்த்திக் ஆகும். சுப்பிரமணியம் சூப்ரி ஆவதுபோல் இதில் பொருள் உடைவதில்லை. கார்த்தி என்று சுருங்கினாலும் கார்த்திகை அதற்குள் இருக்கிறது. எழுத்தில்தான் கவனம் வேண்டும். 'த்' ஒலிக்கு 'டி' மட்டும் போடுவதா, 'எச்' சேர்ப்பதா, 'கே'வா 'ஜி'யா, நடுவில் வருவது 'ஐ'யா 'இ'யா, முடிவில் 'ஏ'யா 'இ'யா. ஒரே குடும்பத்தில் அண்ணன் தம்பி மக்களுக்கு மூன்று விதமாக எழுதியதைப் பார்த்திருக்கிறேன். 'ஜி' போட்டால் இன்னொன்றும் உண்டு: ஆஃப்ரிகான்ஸ் பேசுகிறவர்கள் அந்த எழுத்தைத் தொண்டையிலிருந்து 'ஹ' போல் இழுத்துச் சொல்வார்கள். 'கே' போடுங்கள்.

## சரவணன்

சரவணம் என்றால் நாணல் காடு. அந்த ஆறு பொறிகளையும் கங்கை தாங்கிக் கொண்டுபோய் விட்ட பொய்கை. சரவணபவ என்ற ஆறெழுத்து மந்திரமும் இதிலிருந்துதான். பெயரைச் சொன்னாலே மந்திரத்தின் பெரும்பகுதி வந்துவிடுகிறது என்பதால், ஜபம் செய்கிற வீடுகளில் இதற்குத் தனி மதிப்பு.

எங்கள் வீட்டில் இந்தப் பெயரை வைத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. நாணலும் கரும்பும் புல் இனத்தில் நெருங்கிய சொந்தம். என் கணவரின் தாத்தா நேட்டால் கரும்புக் காட்டில் வெட்டுக் கூலி. கரும்புத் தோகைக்கு நடுவே வரிசை வீட்டில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளின் வம்சத்துக்கு, நாணல் காட்டில் கண்டெடுத்த சாமியின் பெயர். அதை மாமியார் சொன்னபோது எனக்குக் கண் கலங்கியது. எழுத்துத் தவறிய கதையை மேலே சொல்லிவிட்டேன். அந்த அலைச்சலுக்குப் பிறகும் பெயரை நினைத்து நான் வருந்தியதில்லை; சரிபார்க்காமல் விட்டதை நினைத்துத்தான் வருந்தினேன்.

இன்னொரு சின்ன விஷயம். ஆங்கிலப் பள்ளியில் 'சாரா' என்று சுருக்கிவிட வாய்ப்பு உண்டு, அது பெண் பெயர். என் மகனுக்கு அது நடந்தது, இரண்டாம் வகுப்பில் அழுதுகொண்டு வந்தான். வீட்டிலேயே 'சரவணா' என்று முழுசாகக் கூப்பிட்டுப் பழக்கி, ஆசிரியரிடமும் சொல்லிவைத்தால் நிற்கும்.

## ஆறுமுகம், சண்முகம்

பொருள் என்று மட்டும் பார்த்தால் இதை மிஞ்ச ஒன்றும் கிடையாது. திருமுருகாற்றுப்படையில் நக்கீரர் ஒவ்வொரு முகத்துக்கும் ஒரு வேலை சொல்கிறார். ஒரு முகம் இருண்ட உலகத்துக்கு ஒளி தருகிறது. ஒரு முகம் அன்பர்களுக்கு வரம் தருகிறது. ஒன்று வேள்வியைக் காக்கிறது, ஒன்று மறைந்த பொருளை ஆராய்ந்து நிலவுபோல் விளக்குகிறது, ஒன்று பகைவரை அழிக்கிறது. ஆறாவது முகம் வள்ளியோடு சிரித்துக்கொண்டிருக்கிறது. இத்தனை வேலைக்கு நடுவில் சிரிக்கவும் ஒரு முகம் ஒதுக்கியிருக்கிறான் சாமி. பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்க எவ்வளவு இருக்கிறது பாருங்கள்.

ஆனால் தென்னாப்பிரிக்காவில் இரண்டுமே குடும்பப் பெயர்களாகிவிட்டன. 'ஆறுமுகம் நாயுடு' என்றால் எது பெயர், எது குடும்பப் பெயர் என்று படிவம் நிரப்புகிறவர் குழம்புவார். 'சண்முகம் சண்முகம்' என்று ஒரே பெயர் இரண்டு தடவை வருகிற நிலையும் உண்டு. அண்மையில் தமிழ்நாட்டிலிருந்து ஜோகன்னஸ்பர்க்குக்கு வேலைக்கு வந்து, அப்பாவின் பெயரையே குடும்பப் பெயராகப் போடுகிற குடும்பங்களுக்கு இதில் சிக்கல் குறைவு. அவர்கள் தாராளமாக வைக்கலாம்.

## வேலன், குமரன்

இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன், இரண்டின் பலமும் ஒன்றுதான்: சின்னப் பெயர், சுருக்க இடமில்லை. கூப்பிட்டால் முழுப் பெயரும் வரும்.

வேலன் என்றால் வேல் ஏந்தியவன். வேல் ஞானத்தின் வடிவம் என்பார்கள். நுனி கூர்மை, நடு அகலம், அடி ஆழம். அறிவு அப்படி இருக்க வேண்டும் என்பது விளக்கம். அம்பாள் முருகனுக்கு வேல் கொடுத்த நாள் தைப்பூசம். இங்கே தைப்பூசத்தன்று நாக்கில் சின்ன வேல் குத்திக் காவடி எடுக்கிறவர்களைப் பார்த்து வளர்கிற பிள்ளைக்குத் தன் பெயரின் பொருளை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கண் எதிரே பார்க்கிறான். சங்க காலத்தில் வேலன் என்பது முருகனுக்கு வெறியாட்டு ஆடும் பூசாரியின் பெயராகவும் இருந்தது. அதாவது சாமிக்கும் பக்தனுக்கும் ஒரே பெயர். ஜூலுவில் 'வேலா' என்றால் தோன்று, வெளிப்படு. பக்கத்து வீட்டார் காதுக்கும் அது அந்நியமாக ஒலிக்காது.

குறை உண்டா? உண்டு. ஆங்கிலத்தில் ஒரு 'இ' போட்டால் சிலர் 'வெலன்' என்பார்கள். இரண்டு போட்டால் 'வீலன்' ஆகிவிடும், அது இன்னும் மோசம். ஆஃப்ரிகான்ஸ் வழக்கில் அந்த 'வி' எழுத்து 'ஃப' ஒலி தரும் என்பதால் பிரிட்டோரியா பக்கம் 'ஃபேலன்' என்று கேட்க நேரலாம். ஒற்றை 'இ' போட்டுவிட்டு, வாயால் சொல்லித் திருத்துவதே நல்லது. இரண்டு அசைப் பெயரை ஒரு தடவை சொன்னால் யாரும் கற்றுக்கொள்வார்கள்.

குமரன் என்றால் இளையவன், என்றும் இளமை மாறாதவன். கொடியைக் கைவிடாமல் 1932இல் உயிர்விட்ட திருப்பூர் குமரன் பெயரும் இதுதான். குமாலோ என்ற ஜூலு குலப் பெயர் இங்கே எல்லோருக்கும் பழக்கம் என்பதால், குமரன் என்று சொன்னால் நாக்கு சிரமப்படுவதில்லை. 'யு' போட்டு எழுதினால் 'கியூமரன்' என்று படிப்பவர்கள் இருப்பார்கள். அவ்வளவுதான்.

வீட்டில் தமிழ் பேச்சு குறைந்துபோய், எந்தப் பெயர் வைத்தாலும் சிதைந்துவிடும் என்று பயப்படுகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்த இரண்டு பெயர்களைத்தான்.

## சேயோன்

தொல்காப்பியம் குறிஞ்சி நிலத்துக்குத் தெய்வமாகச் சொல்வது சேயோனை. முருகனுக்கு நம்மிடம் உள்ள மிகப் பழைய பெயர்களில் ஒன்று. சேய் என்றால் சிவப்பு, குழந்தை என்றும் பொருள். தூய தமிழ்ப் பெயர்தான் வேண்டும் என்பவர்களுக்கு அருமையான பெயர். ஆனால் இந்த நாட்டில் சீயோன் என்று பெயர் தாங்கிய பெரிய கிறிஸ்தவ சபைகள் உண்டு. பெயரைச் சொன்னதும் கேட்பவர் மனதில் அதுதான் முதலில் வரும். பிள்ளை ஒவ்வொரு தடவையும் விளக்க வேண்டியிருக்கும். விளக்கும் பொறுமையும் தமிழ்ப் பழக்கமும் உள்ள வீடாக இருந்தால் வையுங்கள்.

## ஒரே பார்வையில்

| பெயர் | ஒரு மூச்சில் பொருள் | கூப்பிடும்போது | எழுத்தில் | யாருக்கு ஏற்றது |
|---|---|---|---|---|
| சுப்பிரமணியம் | அப்பாவுக்கே பாடம் சொன்ன பிள்ளை | சூப்ரி ஆகும் | சிரமம் | தாத்தா பெயரைத் தொடர்பவர்கள் |
| கார்த்திகேயன் | நட்சத்திரப் பெண்கள் வளர்த்தவன் | கார்த்தி, பொருள் கெடாது | கவனம் வேண்டும் | வேண்டுதல் உள்ளவர்கள், பெரிய குடும்பம் |
| சரவணன் | நாணல் பொய்கையில் பிறந்தவன் | 'சாரா' ஆகாமல் பார்க்க வேண்டும் | ஓர் எழுத்து விழும் | ஆறெழுத்து ஜபிக்கும் வீடு |
| ஆறுமுகம் | ஆறு முகத்தால் காப்பவன் | முழுசாக நிற்கும் | குடும்பப் பெயரோடு குழம்பும் | அப்பா பெயரைப் பின்னால் போடுபவர்கள் |
| வேலன் | ஞான வேல் ஏந்தியவன் | அப்படியே நிற்கும் | எளிது | தமிழ் குறைந்த வீடு |
| குமரன் | என்றும் இளையவன் | அப்படியே நிற்கும் | எளிது | யாருக்கும் |
| சேயோன் | சிவந்தவன், குழந்தை | சீயோன் என்று கேட்கும் | நடுத்தரம் | தூய தமிழ் விரும்புபவர்கள் |

## நட்சத்திர எழுத்து

ஐயரிடம் போய்ப் பிறந்த நேரத்தைச் சொல்லி எழுத்து வாங்கிவருவது இங்கே நிறையக் குடும்பங்களில் வழக்கம். ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் நான்கு பாதம், பாதத்துக்கு ஓர் எழுத்து. கார்த்திகைக்கு அ, இ, உ, எ. ரோகிணிக்கு ஒ, வ, வி, வு. மிருகசீரிடத்துக்கு வே, வோ, கா, கி. அஸ்வினிக்குச் சு, சே, சோ, ல. கார்த்திகை நட்சத்திரத்தில் பிறந்த பிள்ளைக்கு எழுத்துக் கணக்கில் கார்த்திகேயன் வராது என்பதைக் கவனியுங்கள். பலருக்கு இது தெரியாது.

நம் ஊரில் நடக்கிற பெரிய தவறு வேறு. கையில் இருப்பது தமிழ்நாட்டில் அச்சான நாட்காட்டி. அதில் போட்டிருப்பது இந்திய நேரம். நாம் அதற்கு மூன்றரை மணி நேரம் பின்னால் இருக்கிறோம். சந்திரன் ஒரு நட்சத்திரத்தைத் தாண்டுவது உலகம் முழுவதற்கும் ஒரே கணத்தில்தான், கடிகாரம்தான் வேறு. அந்த ஃபீனிக்ஸ் குழந்தை பிறந்தது இரவு பத்து மணிக்கு. அன்று நாட்காட்டியில் 'ரோகிணி, நள்ளிரவு 12.40 வரை' என்று இருந்ததைப் பார்த்து வீட்டில் ரோகிணி என்றே முடிவுகட்டிவிட்டார்கள். தாளில் உள்ள மூன்று பெயரும் எழுத்துக்கு ஒத்துவரவில்லை என்பதுதான் அவர்களுடைய கவலையின் பாதி. ஆனால் நம் இரவு பத்து மணி இந்தியாவில் நள்ளிரவு தாண்டி 1.30. குழந்தை பிறந்தது மிருகசீரிடத்தில். நட்சத்திரம் மாறி ஒரு மணி நேரம்கூட ஆகாததால் முதல் பாதம், எழுத்து 'வே'. வேலன் அப்படியே ஒத்துவரும்; பாதம் பார்க்காமல் நட்சத்திரத்தை மட்டும் பார்த்தால் கார்த்திகேயனும் வரும்.

எழுத்து ஒத்துவந்தால் சந்தோஷம். வராவிட்டால் அதற்காக மனதுக்குப் பிடித்த பெயரை விடாதீர்கள் என்பது என் எண்ணம். எழுத்துக்கு ஏற்ற ஒரு பெயரைச் சடங்கின்போது காதில் சொல்வதோடு நிறுத்திக்கொண்டு, பதிவில் வேறு பெயர் வைக்கிற குடும்பங்கள் எப்போதும் உண்டு. எழுத்துக்காகவே பொருள் தெரியாத, எந்தச் சாமிக்கும் சேராத ஒரு பெயரைத் தேடிப்பிடித்து வைப்பதில்தான் எனக்கு வருத்தம்.

## இரண்டு பெயர் வைத்தால்?

நம் பிறப்புப் பதிவில் ஒன்றுக்கு மேற்பட்ட முதற்பெயர் போடலாம். கூப்பிடச் சின்னப் பெயர் முன்னால், தாத்தா பெயர் பின்னால் என்பது நல்ல ஏற்பாடு. ஆனால் படிவங்களில் எல்லாப் பெயரையும் எழுத வேண்டும், ஒன்றை விட்டாலும் கேள்வி வரும். மூன்று பெயர் வேண்டாம்.

நாளையும் மறக்காதீர்கள். பிறந்த 30 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். சில வீடுகளில் 40 நாள் தீட்டுக் கழிந்த பிறகே பெயர் சூட்டுகிறார்கள். சடங்கு அப்புறம் நடக்கட்டும்; எந்தப் பெயர், எந்த எழுத்து என்ற முடிவு மட்டும் 30 நாளுக்கு முன்பே இருக்க வேண்டும். தாமதமானால் காரணம் எழுதிக்கொடுத்து, கூடுதல் காகிதங்களோடு அலைய வேண்டி வரும்.

## பெண் குழந்தையாக இருந்தால்

வள்ளி. தினைப்புனம் காத்த குறவர் மகள், கொடியின் பெயர் கொண்டவள். இந்த நாட்டில் அந்தப் பெயருக்கு இன்னொரு பொருளும் சேர்ந்துவிட்டது. 1898இல் ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்து, சத்தியாக்கிரகத்தில் சிறை சென்று, 1914 பிப்ரவரி 22ஆம் தேதி பதினாறு வயதில் இறந்துபோன தில்லையாடி வள்ளியம்மை. ஆங்கிலத்தில் பள்ளத்தாக்கைச் சொல்வதுபோல் உச்சரிப்பார்கள், திருத்திக்கொடுத்தால் போதும். பெண் பிள்ளைக்கு வேறு பெயரோடு ஒப்பிட்டுப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

## அந்தத் தம்பதி

என் அளவுகோல்படி அவர்களுக்கு நான் சொல்லியிருக்க வேண்டியது வேலன். கூப்பிட எளிது, எழுத எளிது, எழுத்தும் ஒத்துவருகிறது. ஆனால் அந்தப் பெண் விளக்கு முன்னால் வேண்டிக்கொண்டது கார்த்திகேயனை. வேண்டுதல் இருக்கிற இடத்தில் மற்றக் கணக்கு எல்லாம் அதற்குப் பின்னால்தான். கார்த்திகேயன் முன்னால், தாத்தாவின் எழுத்துக்கூட்டலிலேயே சுப்பிரமணியம் பின்னால் என்று முடிவானது. இரண்டு பெயரையும் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, அலுவலகத்தில் வாயால் சொல்லாமல் இந்தத் தாளைக் காட்டுங்கள், அச்சாகி வந்ததும் அங்கேயே நின்று படித்துப் பாருங்கள் என்று சொன்னேன்.

போன வாரம் சான்றிதழின் படத்தை எனக்கு அனுப்பினார்கள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்தெழுத்தாகப் பார்த்தேன். சரியாக இருக்கிறது.